ஓதம் காயும் வரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. பகலெல்லாம் சேற்றைக் கழுவுகிறோம். மின்சாரம் இல்லாத மாலை வேளைகளில், தபால் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் மாமனார், பிள்ளைகளை உட்கார வைத்துப் பழைய விமான நிறுவனங்களைப் பற்றிக் கேள்விகள் கேட்கிறார். பார்க்க வந்த உறவினர்கள், ‘வீடு இப்படிக் கிடக்கும்போது விளையாட்டா?’ என்று கடிந்துகொண்டார்கள். இது தவறா? டாடாவின் முதல் தபால் விமானத்தைச் சென்னைக்கு ஓட்டி வந்தவர் ஜே.ஆர்.டி. டாடாதானா என்பதிலும் எங்களுக்குள் வழக்கு தீரவில்லை.
— வாசகி, முடிச்சூர்

பதில்: தவறே இல்லை. வெள்ளம் புகுந்த வீட்டில், கைக்கு எட்டிய வேலைகளை முடித்த பிறகும் நம்மால் விரைவுபடுத்த முடியாத வேலைகள் பாக்கி இருக்கும். ஓதம் ஏறிய சுவர் தன் போக்கில்தான் காயும்; எலக்ட்ரீஷியன் வயரிங்கைச் சோதித்துச் சொல்லும் வரை மெயின் சுவிட்சைத் தொடக் கூடாது; நனைந்த பத்திரங்களையும் சான்றிதழ்களையும் வெயிலில் போடாமல், தாள் தாளாகப் பிரித்து நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். அப்படிக் காத்திருக்கும் நேரத்தில், போனவை எவை என்ற கணக்கையே மனம் திரும்பத் திரும்பப் போடும். பீரோ தேறுமா, இழப்பீடு எப்போது வரும் என்ற கேள்விகளுக்கு யாரிடமும் விடை இல்லாத இந்த நாட்களில், திட்டமான விடையுள்ள கேள்விகளை உங்கள் மாமனார் பிள்ளைகளுக்குத் தருகிறார். கடிந்துகொண்ட உறவினர்களையும் ஒரு மாலை உடன் உட்காரச் சொல்லுங்கள்.

இனி உங்கள் வழக்கு. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து புஸ் மாத் என்ற சிறு விமானத்தில் தபால் பைகளுடன் கிளம்பிய ஜே.ஆர்.டி. டாடா, அகமதாபாத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, பம்பாயின் ஜுஹு தளத்தோடு தம் பயணத்தை முடித்துக்கொண்டார். அகமதாபாத்தில் அந்த எரிபொருள் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன என்பதைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்லுங்கள். ஜுஹுவிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு வந்தவர், இந்தத் திட்டத்துக்கு வித்திட்ட முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படை விமானி நெவில் வின்சென்ட். ஆகவே, டாடா அல்லர் என்று வாதிட்டவர் பக்கமே தீர்ப்பு.

இந்த வரலாற்றில் உங்கள் வீட்டுக்கு மிக நெருக்கமான செய்தி வேறொன்று. ஜுஹு தளம் அந்நாளில் வெறும் மண் திடல்தான். மழைக்காலத்தில் அது வெள்ளத்தில் மூழ்கிவிடும். அப்போது டாடாவின் அந்தச் சிறு விமான நிறுவனம் விமானங்கள், விமானிகள், மெக்கானிக்குகள் என்று அத்தனையையும் மூட்டை கட்டிக்கொண்டு புனேவுக்குப் போய், மழை ஓய்ந்த பின் ஜுஹுவுக்குத் திரும்பி வந்தது. பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்தது இந்த நிறுவனமே. நம் ஊரிலும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம் மூடப்பட்டபோது, அரக்கோணத்திலுள்ள ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறந்தன. பெரிய பிள்ளையிடம் இதையே அடுத்த கேள்வியாகக் கேட்கலாம்.

கேள்வி: எங்கள் வீட்டிலும் இப்படி விளையாட நினைக்கிறோம். ஆனால் மழைச் சத்தம் கேட்டாலே என் எட்டு வயது மகள் நடுங்குகிறாள். அவளிடம் எதைக் கேட்பது?
— வாசகர், பள்ளிக்கரணை

பதில்: விபத்துகளையும் மூழ்கிய தளங்களையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். ஏர் இந்தியாவின், 1946இல் பிறந்த மகாராஜா சின்னத்தை அவளை வரையச் சொல்லலாம்; மீசையில் தொடங்கட்டும். 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்த ‘மலபார் பிரின்சஸ்’ விமானத்தில் 35 பயணிகள் இருந்தார்கள். அந்த ஊர்களை அவள் வரைபடத்தில் விரலால் தொட்டுக்கொண்டே போகட்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே விமானத்துக்கு ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விபத்தை அவள் கேட்டாலொழிய நீங்களாகச் சொல்ல வேண்டாம். லண்டனில் இறங்கியதோடு அன்றைய கதையை நிறுத்திக்கொள்ளுங்கள்.