வசனமே இல்லாத படமாகப் போடுங்கள்

நாலு வயது மகளுக்கு ஆங்கில வசனம் புரியவில்லை, கிறிஸ்துமஸ் படம் போட்டால் பத்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். 'தி ஸ்னோமேன்' போட்டுப் பாருங்கள். 1982-இல் பிரிட்டனில் வந்தது, அரை மணி நேரம்கூட ஓடாது. ஆரம்பத்தில் வரும் சின்ன முன்னுரையைத் தாண்டினால் பேச்சே கிடையாது. இசைதான் கதை சொல்லும். படத்தில் வரும் பையனும் அவன் செய்த பனிமனிதனும் வானத்தில் பறக்கும்போது மட்டும் ஒரு பாட்டு. அந்த இடத்தில் மகளைத் தூக்கிச் சுற்றுங்கள். என் பையன் அதற்காகவே மறுபடி மறுபடி போடச் சொல்வான் (முதுகுவலி என் பொறுப்பல்ல).

ஒன்று மட்டும் கவனம்: கடைசியில் பனிமனிதன் உருகிவிடுவான். எங்கள் வீட்டில் ஒரே அழுகை. முன்னாடியே தட்டில் ஒரு ஐஸ்கட்டியை வைத்து, உருகுவதைக் காட்டிவிடுங்கள்.

மகளோடு சேர்ந்து கிறிஸ்துமஸ் பாட்டு பாட 'ஜிங்கிள் பெல்ஸ்' பல்லவியே போதும். கையில் சாவிக்கொத்தைக் கொடுங்கள், மணி அதுதான்.