பாட்டியும் பொற்கதிர்களும்

அன்புள்ள ஐயா,

என் மகள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். டியூஷனில் கொடுத்த சொற்பட்டியல், இணைமொழிகள், மாதிரிக் கட்டுரைகள் எல்லாம் மனப்பாடம். 'ஆதவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்' என்று எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறாள். ஆனால் ஊரிலிருந்து அவள் பாட்டி அழைத்தால் 'ஐ ஆம் ஃபைன் பாட்டி' என்று சொல்லிவிட்டு ஃபோனை என்னிடம் நீட்டுகிறாள். பேச வைக்க ஏதாவது உத்தி உண்டா? இன்னொரு டியூஷன் சேர்க்கலாமா?

ஒரு தாயார், செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

இன்னொரு டியூஷன் வேண்டாம். அந்தப் பணத்தில் பாட்டிக்கு டிக்கெட் எடுத்து ஒரு மாதம் இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மனப்பாடத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதுவும் ஓர் உத்திதான். இரண்டாம் மொழி கற்பவர்கள் என்னென்ன உத்திகளைக் கையாளுகிறார்கள் என்று பார்க்க ரெபெக்கா ஆக்ஸ்ஃபோர்டு என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு வினாநிரல் தயாரித்தார். 1990-இல் வெளிவந்த அவருடைய நூலில் இருக்கிறது. ஆங்கிலம் கற்பவர்களுக்கான வடிவத்தில் 50 கூற்றுகள், ஆறு வகைகள்: நினைவில் வைப்பது, அலசிப் பார்த்துப் பழகுவது, தெரியாத இடத்தை ஈடுகட்டுவது, படிப்பைத் தானே திட்டமிடுவது, பயத்தைச் சமாளிப்பது, பிறரோடு சேர்ந்து கற்பது. உங்கள் மகள் முதல் வகையில் கில்லாடி. மூன்றாவது வகைக்குத்தான் அவள் வாழ்க்கையில் வேலையே வந்ததில்லை என்று நினைக்கிறேன்.

அது என்ன மூன்றாவது வகை? என் கதையைச் சொல்கிறேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒருநாள் கடும் இருமல். நான் இருந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் ஒரு மலாய் அம்மா தேநீர் போடுவார். இஞ்சித் தேநீர் கேட்க வேண்டும். இஞ்சிக்கு மலாயில் என்ன என்று முந்தின நாள்தான் நண்பர் சொல்லிக்கொடுத்திருந்தார், வாயில் வரவில்லை. அந்த அம்மாவுக்குத் தமிழும் தெரியாது, என் ஆங்கிலமும் புரியாது. 'தே... அக்கார்... பெடாஸ்' என்றேன். தேநீர், வேர், காரம். விரலை மடக்கிக் கோணலாகக் காட்டி, இருமியும் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, 'ஹாலியா!' என்றார். அந்தச் சொல்லை அதற்கப்புறம் நான் மறந்ததே இல்லை.

இனி உங்கள் மகளைப் பாருங்கள். தமிழ்ச் சொல் ஒன்று வரவில்லை என்றால் அவள் விரலை மடக்க வேண்டியதில்லை. ஆங்கிலச் சொல்லைப் போட்டால் போதும். நீங்கள், ஆசிரியர், வகுப்புத் தோழி எல்லோருக்கும் புரிந்துவிடும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுவதாகச் சொன்னவர்கள் 48.3 விழுக்காடு. தமிழுக்கு 2.5. சொல் தெரியாமல் திண்டாடும் அந்த அரை நிமிடம் நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பதே இல்லை. அந்தத் திண்டாட்டத்தில்தான் பேச்சு வளர்கிறது.

பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது என்றால், அதுவே அவருடைய பெரிய தகுதி.

ஆனால் 'பாட்டிகிட்ட பேசு' என்று சும்மா ஃபோனைக் கையில் திணித்தால் பேச்சு வராது. என்ன பேசுவாள்? 'நல்லா இருக்கியா, சாப்பிட்டியா' முடிந்ததும் இருவருமே தவிப்பார்கள். ஏதாவது வேலை கொடுங்கள். என் நண்பர் தம் மகனிடம், 'பாட்டியைக் கேட்டு நீயே ரசம் வை' என்று சொல்லிவிட்டு வேறு அறைக்குப் போய்விட்டார். பையனுக்கு 'வடிகட்டி' தெரியவில்லை. 'ஓட்டை ஓட்டையா இருக்குமே பாட்டி, டீ ஊத்துவாங்களே' என்றானாம். ரசத்துக்கு அது எதற்கு என்று பாட்டி கேட்க, புளிச் சக்கையை எடுக்கத்தான் என்று விளக்க அவன் இன்னும் நாலு வாக்கியம் பேச வேண்டியதாயிற்று.

நண்பர் வேறு அறைக்குப் போனதைக் கவனித்தீர்களா? பக்கத்தில் நின்று 'அப்படி இல்லடா, இப்படிச் சொல்லு' என்று எடுத்துக்கொடுத்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். நன்றாக மொழி கற்பவர்கள் துணிந்து ஊகிப்பார்கள், அசட்டுத்தனமாகத் தெரிவதைப் பற்றிக் கவலைப்படமாட்டார்கள் என்று ஜோன் ரூபின் என்ற மொழி ஆய்வாளர் 1975-இலேயே எழுதியிருக்கிறார். நாமோ திருத்தித் திருத்தியே அந்தத் துணிச்சலைக் கெடுத்துவிடுகிறோம். (நானும் செய்திருக்கிறேன். என் மகனுக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு.)

இன்னொன்று. பட்டியலில் அவள் படித்தது 'வந்துகொண்டிருக்கிறேன்'. பாட்டி சொல்வது 'வந்துக்கிட்டிருக்கேன்'. பத்து வயதுப் பிள்ளைக்கு இது வேறு மொழி மாதிரிதான் காதில் விழும். இரண்டும் ஒன்றுதான் என்று ஒருமுறை உட்காரவைத்துச் சொல்லுங்கள். ஃபோனில் எழுத்துத்தமிழ் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். பாட்டியிடம் யாரும் ஆதவனைப் பற்றிப் பேசுவதில்லை.

சொற்பட்டியல் இருக்கட்டும், தேர்வுக்கு வேண்டும். ஒரே இரவில் நாற்பது சொல் படிக்காமல், நாளுக்கு ஐந்தாகப் பிரித்து, மறுநாளும் அடுத்த வாரமும் திரும்பப் பார்க்கச் சொன்னால் போதும்.

அழைப்பு முடிந்ததும் 'இன்னைக்கு என்ன புதுச் சொல் கத்துக்கிட்ட?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ரசம் எப்படி வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.