கோத்தகிரியில் சரிவான மனை வாங்கியிருக்கிறோம். ஜேசிபி வைத்து முழுவதையும் சமப்படுத்திவிட்டு வீடு கட்டலாமா?

வேண்டாம். நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்தே காரணத்தைச் சொல்கிறேன். மனை ஐந்தரை சென்ட், ரோட்டோரம் 40 அடி அகலம், உள்ளே 60 அடி நீளம். ரோட்டிலிருந்து உள்ளே போகப்போக நாலு அடிக்கு ஒரு அடி ஏற்றம். இரண்டே நாளில் தட்டையாக்கித் தருவதாக ஒருவர் விலை பேசியிருக்கிறார் என்கிறீர்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பதினெட்டு வருடமாக வீட்டு வேலை பார்க்கிறேன். இங்கே இடிந்த வீடுகளில் பலவற்றின் கதை, இப்படி அவசரமாக மண்ணை வெட்டிய நாளில்தான் ஆரம்பித்திருக்கிறது.

வீட்டுக்கு மனையின் முழு 40 அடி அகலத்தில், உள்நோக்கி 30 அடி நீளத்துக்குத் தளம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மட்டமாக வெட்டினால் பின்பக்கம் ஏழரை அடி உயரத்துக்கு மண்சுவர் நிற்கும். எடுக்க வேண்டிய மண் 4,500 கன அடி, அதாவது 45 யூனிட். வெட்டிய மண் உதிர்ந்து கால் பங்கு வரை கூடும் என்பதால், டிப்பரில் ஏற்றும்போது அது 56 யூனிட் ஆகிவிடும். அதே 30 அடியை 15 அடி வீதம் இரண்டு படியாக வெட்டிப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் வெட்டு மூன்றே முக்கால் அடிதான். மொத்த மண்ணும் பாதியாகக் குறைந்து இருபத்திரண்டரை யூனிட்டில் நிற்கும். ஹாலும் சமையலறையும் கீழ்ப்படியில், படுக்கையறைகள் மேல்படியில், நடுவில் ஆறேழு படிக்கட்டு. சமவெளிக்குப் போட்ட பிளானை மலையில் திணிக்காமல் மலைக்கென்று பிளான் போட்டால், மண்ணிலும் சுவரிலும் மிச்சமாகும் பணம் இன்ஜினியர் கட்டணத்தைவிடப் பல மடங்கு.

பின்பாதியை வெட்டி முன்பாதியில் கொட்டினால் மண் வெளியே போகவே வேண்டாமே என்றும் சிலர் யோசனை சொல்வார்கள். கணக்கில் சரிதான், வெட்டு 11 யூனிட்டோடு முடிந்துவிடும். ஆனால் கொட்டிய மண் வீட்டைத் தாங்காது. அரை அடி, முக்கால் அடி கனத்தில் பரப்பி, ஈரம் பார்த்து, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்கினாலும் அதன்மேல் முற்றமோ வண்டி நிறுத்தும் இடமோ போடலாம், அவ்வளவுதான். வீட்டுத் தூண்களின் அஸ்திவாரம் கொட்டிய மண்ணைத் தாண்டி, அசையாத பழைய மண்ணுக்குள் இறங்கியாக வேண்டும். பாதி வீடு வெட்டிய தரையிலும் பாதி வீடு கொட்டிய மண்ணிலும் உட்கார்ந்தால், இரண்டும் சேரும் கோட்டிலேயே சுவர் பிளக்கும்.

இனி தண்ணீர். மற்ற எல்லாவற்றையும்விட இதற்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

நம் செம்மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் சுவர் மாதிரி நிற்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஈரம் ஏறிவிட்டால் அதே மண் கூழாகிவிடும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழையில் மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதுவரை பல வருடம் அசையாமல் நின்ற வெட்டுகளும் அன்று சரிந்தன.

வெட்டிய மண் சரியாமல் தாங்கக் கட்டும் தடுப்புச் சுவரைத் தள்ளுவது மண் மட்டும் என்று நினைக்காதீர்கள். 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நிறைந்தால், அந்தத் தண்ணீர் மட்டுமே சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய நாலரை டன் விசையோடு தள்ளும். வறண்ட மண்ணின் தள்ளலைவிட இது அதிகம். உயரம் இரட்டிப்பானால் தள்ளல் நாலு மடங்கு. ஒரே பெரிய சுவருக்குப் பதில் இரண்டு சின்னச் சுவர் கேட்பது அதனால்தான்.

என் வீட்டிலேயே இதை அனுபவித்தேன். எட்டடிக் கருங்கல் கட்டு, தண்ணீர் வடிய நாலடிக்கு ஒரு பிவிசி குழாய், பார்க்க எல்லாம் ஒழுங்கு. கட்டும்போது நான் பத்து நாள் ஊரில் இல்லை. சுவருக்குப் பின்னால் ஒரு அடி கனத்துக்கு நாற்பது எம்எம் ஜல்லி நிரப்பச் சொல்லியிருந்தேன். வேலை செய்தவர்கள் வெட்டிய களிமண்ணையே தள்ளி மூடிவிட்டார்கள். அடுத்த ஐப்பசி மழையில் ஒரு காலை பார்த்தால் சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. குழாய்க்குள் விரலை விட்டேன். களிமண் அடைத்து, உள்ளே காய்ந்து கிடந்தது. ஒரு சாண் தள்ளிக் கல் இடுக்குகளிலெல்லாம் தண்ணீர் கசிந்து வழிந்துகொண்டிருந்தது. அன்றே கீழே குடியிருந்த குடும்பத்தை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, மேலிருந்து மண்ணை எடுத்து, சுவரைப் பிரித்துத் திரும்பக் கட்டினோம். அதனால் ஜல்லி நிரப்பும் நாளிலும், அதற்கும் மண்ணுக்கும் நடுவில் வடிகட்டித் துணி போடும் நாளிலும் நீங்கள் கட்டாயம் அங்கே நிற்க வேண்டும். மற்ற நாள் போகாவிட்டாலும் பரவாயில்லை.

வெட்டுக்கு மேலே, மண்ணைத் தொடும் முன்பே, மேட்டுத் தண்ணீரைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பிவிடும் வாய்க்கால் ஒன்று வேண்டும். அது பக்கத்து மனையில் போய் முடியக்கூடாது, ரோட்டு வடிகாலில் சேர வேண்டும். கழிவுநீர் உறிஞ்சுகுழியைத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் வைக்கவே வைக்காதீர்கள். சுவருக்குப் பின்னால் நாமே தினமும் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி ஆகிவிடும்.

நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஜேசிபி இறக்க முடியாது. உங்கள் கிராமம் ஹாகா என்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருந்தால் அந்த ஒப்புதலும் வேண்டும். மண்ணை மனையை விட்டு வெளியே ஏற்றுவதற்கு என்ன அனுமதி என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று விலை பேசுகிறவர் சொன்னால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வெட்டும்போது மனையின் முழு அகலத்தையும் ஒரே மூச்சில் திறக்காதீர்கள். எட்டுப் பத்து அடி வெட்டி, அங்கே சுவரை எழுப்பிவிட்டு, அடுத்த பகுதிக்குப் போகச் சொல்லுங்கள். மேலே பக்கத்து வீட்டுக் கட்டடமோ பழைய சுவரோ இருந்தால் அதன் அடிமண்ணை இன்ஜினியர் பார்க்காமல் தொடவே கூடாது. 2024 பிப்ரவரியில் ஊட்டி லவ்டேல் பக்கம் கட்டுமான வேலை நடந்தபோது, மேலிருந்த பழைய கட்டடம் இடிந்து விழுந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். கூலிக்கு வந்தவர்கள் வெட்டுக்குக் கீழே குனிந்து வேலை செய்கிறார்கள். வீட்டுக்காரர் என்ற முறையில் அவர்கள் உயிருக்கு நீங்களும் பொறுப்பு.

மண்வேலைக்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, ஏப்ரலில் கோடை மழையும் தொடங்கிவிடும். மார்ச்சுக்குள் சுவர் முடியாது என்று தெரிந்தால் அந்த வருடம் வெட்ட ஆரம்பிக்காதீர்கள்.

இப்போதைக்கு ஒரு சர்வேயரை வைத்து, அரை மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக, ஒரே மட்டத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமமட்டக் கோடுகளோடு மனையின் வரைபடம் எடுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு குழி ஆளுயரத்துக்குத் தோண்டச் சொல்லி, கறுப்பு மேல்மண், செம்மண், வெளிறிய மக்கல் பாறை ஒவ்வொன்றும் எத்தனை அடியில் வருகிறது என்று பாருங்கள். வரும் ஐப்பசியில் நல்ல மழை பெய்யும் ஒரு நாள், குடையோடு மனையில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எந்த இடத்தில் மண்ணுக்குள் மறைகிறது என்று அந்த வரைபடத்திலேயே பென்சிலால் குறித்துக்கொண்டு இன்ஜினியரிடம் போங்கள்.