டயாலிசிஸ் பில்லிங்: கதீட்டர் லாக் பற்றிய கேள்விகள்

அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேருக்கு அனுப்பும் கிளெய்ம்களை (பணம் கேட்கும் விண்ணப்பங்களை) பார்க்கிறவர்களிடமிருந்து இந்த முறை லாக் மருந்தைப் பற்றித்தான், அதாவது ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையே கதீட்டர் குழாய்க்குள் நிரப்பிவைக்கும் மருந்தைப் பற்றித்தான், அதிகம் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

டயாலிசிஸ் முடிந்ததும் கதீட்டருக்குள் ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) லாக் ஏற்றுகிறார்கள். அதற்குத் தனியாகப் பணம் வராதா?

வராது. 2011 முதல் டயாலிசிஸ் மையங்களுக்கு ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று பண்டிலாகத்தான், அதாவது எல்லாம் சேர்ந்த ஒரே தொகையாகத்தான், மெடிகேர் கொடுக்கிறது. 2025-இல் அதன் அடிப்படைத் தொகை 273.82 டாலர். ஹெப்பரின் லாக் அதற்குள் அடக்கம். கதீட்டர் அடைத்துக்கொண்டால் போடும் ஆல்டிப்ளேஸும் அப்படித்தான். பணம் வராது என்பதற்காக மருந்தைக் கிளெய்மில் காட்டாமல் விட்டுவிடாதீர்கள்.

அப்படியென்றால் டெஃபென்காத்துக்கு மட்டும் எப்படித் தனியாக வந்தது?

டாரோலிடின் என்ற கிருமி எதிர்ப்பு மருந்தும் ஹெப்பரினும் கலந்த லாக் மருந்து அது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 நவம்பரில் அனுமதி கொடுத்தது. புது டயாலிசிஸ் மருந்துகளுக்கு மெடிகேர் தரும் 'டிடாபா' என்ற இடைக்கால உதவித்தொகை 2024 ஜூலை 1 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இதற்குக் கிடைத்தது. அந்தக் காலத்துச் சிகிச்சைத் தேதிகளுக்கு இந்த மருந்தின் பில்லிங் கோடான ஜே0911-உம் ஏஎக்ஸ் மாடிஃபையரும் (கோடோடு சேர்க்கும் துணைக் குறி) சேர்ந்து போக வேண்டும். ஏஎக்ஸ் இல்லாவிட்டால் மருந்து பண்டிலுக்குள் போய்விடும், தனிப் பணம் வராது.

டெஃபென்காத்தின் 5 மில்லி வயல் (மருந்துக் குப்பி) ஒன்றைப் பயன்படுத்தி, கிளெய்மில் 5 யூனிட் போட்டோம். பணம் மிகக் குறைவாக வந்திருக்கிறது. ஏன்?

மில்லியையும் பில்லிங் யூனிட்டையும் ஒன்றாக நினைத்ததுதான் காரணம். நிறைய பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். மருந்தில் ஒரு மில்லிக்கு டாரோலிடின் 13.5 மில்லிகிராம், ஹெப்பரின் 1000 யூனிட். ஆனால் ஜே0911-இன் ஒரு பில்லிங் யூனிட் டாரோலிடின் 1.35 மில்லிகிராமும் ஹெப்பரின் 100 யூனிட்டும், அதாவது 0.1 மில்லி. ஆகவே 3 மில்லி வயல் 30 பில்லிங் யூனிட், 5 மில்லி வயல் 50. நீங்கள் அனுப்பிய 5 என்பது அரை மில்லிக்கான கணக்கு.

கதீட்டரின் கிளாம்பைப் பாருங்கள், ஒவ்வொரு குழாய்க்கும் எத்தனை மில்லி பிடிக்கும் என்று அச்சிட்டிருக்கும். ஒன்றில் 1.9, இன்னொன்றில் 2.0 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3.9 மில்லி. 5 மில்லி வயலை எடுத்திருந்தால் ஒரு வரியில் 39 யூனிட். வயலில் மிஞ்சிக் கொட்டிய 11 யூனிட் ஜேடபிள்யூ மாடிஃபையருடன் இன்னொரு வரியில். மிச்சமே இல்லையென்றால் ஜேஇசட் மாடிஃபையர். நர்ஸ் குறிப்பில் ஏற்றிய அளவும் கொட்டிய அளவும் எழுதியிருக்க வேண்டும். 'லாக் போடப்பட்டது' என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் தணிக்கையில் நிற்காது.

அடுத்த டயாலிசிஸுக்கு முன் கதீட்டரிலிருந்து உறிஞ்சி எடுத்துக் கொட்டுகிறோமே, அதுவும் ஜேடபிள்யூவில் வருமா?

வராது. நோயாளிக்கு ஏற்றப்பட்டுவிட்ட மருந்து அது; முதல் நாள் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. வயலில் தங்கியதுதான் ஜேடபிள்யூ. இதைப் போட்டால் ஒரே மருந்துக்கு இரண்டு முறை கேட்டதாகிவிடும். நல்ல கேள்விதான், ஆனால் கிளெய்ம் போன பிறகு கேட்டால் பயனில்லை.

ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து உருவாக்கும் வழி) தயாராகிவிட்டது, கதீட்டரும் இன்னும் இருக்கிறது. டயாலிசிஸ் வழியைக் காட்ட எந்த மாடிஃபையர்?

வி5. கதீட்டர் மட்டும் இருந்தாலும் வேறு வழியோடு சேர்ந்து இருந்தாலும் அதுதான். இரண்டு ஊசியும் ஃபிஸ்டுலாவில் போட்டு, கதீட்டரே இல்லாதபோதுதான் வி7. லாக் மருந்தையும் வி7-ஐயும் ஒரே கிளெய்மில் பார்த்தால் நானே நிறுத்தி சார்ட்டைக் கேட்பேன்.

அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. வந்த பில்லில் 'ஹெப்பரின் லாக்' என்று தனியாக ஒரு தொகை இருக்கிறது. கட்ட வேண்டுமா?

கட்டுவதற்கு முன் மெடிகேர் அனுப்பும் விளக்கக் கடிதத்தை எடுத்துவைத்துப் பாருங்கள். மெடிகேர் முதன்மைக் காப்பீடாக இருந்தால், மெடிகேரின் பி பகுதிக்கு நீங்கள் முதலில் கட்டும் டிடக்டபிள் போக, அங்கீகரித்த தொகையில் 20 சதவீதம்தான் உங்கள் பங்கு. பண்டிலுக்குள் இருக்கும் ஹெப்பரினுக்கு மேலே தனியாக வாங்கக் கூடாது. மையத்தின் பில்லிங் பிரிவை அழைத்து, அந்த வரி எந்தக் கோடில் போனது என்று கேளுங்கள். வேலை வழி குழுக் காப்பீடும் இருந்தால் கதை வேறு: முதல் 30 மாதங்கள் அதுதான் முதலில் கட்டும், அங்கே விதி அவர்களின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.