பட்டாணிக் கொடியில் சாம்பல் நோய்: தண்ணீரை நிறுத்தாதீர்கள்

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கார்த்திகைக் கடைசியில் கொல்லையில் பச்சைப் பட்டாணி விதைத்து, மூங்கில் படலில் கொடியேற்றியிருக்கிறார். தை பிறந்ததும் அடியிலைகளில் மாவு தூவியதுபோல் வெள்ளை படர்ந்திருக்கிறது. தண்ணீர் மிகுந்ததால் வந்த பூசணம் என்று அக்கம்பக்கத்தார் சொல்லவே, ஒரு வாரமாகத் தண்ணீர் விடவில்லையாம். சமையல் சோடா தெளிக்கலாமா, காயைச் சமைக்கலாமா என்று கேட்கிறார்.

அம்மா, நாளைக் காலையிலேயே வேரடியில் தண்ணீர் விடுங்கள். பூவும் பிஞ்சுமாக நிற்கும் கொடியை வாடவிடுவது, நோயைவிடப் பெரிய கெடுதலைச் செய்துவிடும்.

வெள்ளை படர்ந்த இலை ஒன்றைப் பறித்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு விரலில் ஒட்டிக்கொண்டு, கீழே இலை பச்சையாகத் தெரிந்தால் அது சாம்பல் நோய். இலையின் மேற்புறம் மஞ்சள் திட்டும், அதற்கு நேர் கீழே சாம்பல் நிறப் பஞ்சு போன்ற பூசணமும் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். ஈரக்குளிரில் வருவது, வேறு வகை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகைதான்.

மற்றப் பல பூசணங்களைப் போலன்றி, இதன் வித்துகள் முளைப்பதற்கு இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. காற்றில் ஈரப்பதம் இருந்தாலே போதும், பலத்த மழை பெய்தால் உண்மையில் இது கழுவிக்கொண்டு போய்விடும். விடியற்காலைப் பனியும், பகலில் காய்ந்த வெயிலும், நெருங்கிய கொடிக்குள் புழுங்கும் நிழலும் சேர்ந்த தை, மாசி மாதங்கள்தான் இதற்கு உகந்தவை. நம் பகுதியில் சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் தரிசில் நிற்கும் உளுந்தும் பயறும் இதே பருவத்தில் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே கொடிக்குக் காற்று வேண்டும். அதிகம் வெளுத்த அடியிலைகளைக் கிள்ளி, உதறாமல் பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். நெருக்கமாக நிற்கும் இடத்தில் இரண்டொரு செடியை மனம் கேளாவிட்டாலும் பிடுங்கிவிடுங்கள்.

தெளிப்பதற்கு எனது முதல் தேர்வு வேப்பங்கொட்டைச் சாறு. ஓடு நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, சிறிது காதி சோப்பு கரைத்து, இலையின் இருபுறமும் நனையும்படி மாலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து மறுமுறை. பால் கிடைத்தால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து வாரம் ஒருமுறை தெளிப்பதும் பயன் தரும். பிரேசிலில் சீமைச் சுரைக்காயில் செய்து பார்த்த ஆய்வு 1999-இல் வெளியாகி, பாலுக்கு இந்த ஆற்றல் உண்டு என்பதைக் காட்டியது. அதற்கும் கட்டுப்படாவிட்டால் மட்டும் நனையும் கந்தகத்தூள், லிட்டருக்கு 3 கிராம். முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளிலும், வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாதபோதும் கந்தகம் தெளித்தால் இலை கருகும்.

சமையல் சோடா வேண்டாம். அது பூசணத்தை ஓரளவு தடுக்கும் என்பது மெய்தான். ஆனால் அதிலுள்ள சோடியம் மண்ணில் சேரும். நிலத்தடி நீர் உவர்ப்பாகிவரும் டெல்டாவின் கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கு, பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா அஜித் விதை கிடைக்குமா என்று விசாரியுங்கள். சாம்பல் நோயைத் தாங்கும் இரகம். மழை ஓய்ந்ததும் தாமதிக்காமல் விதைத்தால், மாசி வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதிக் காயைப் பறித்துவிடலாம்.

இப்போது கொடியில் இருக்கும் காய்களைத் தாராளமாகச் சமைக்கலாம். தோலில் ஒட்டிய வெள்ளையைக் கழுவி, உரித்து, பருப்பு பழுப்பேறியிருந்தால் அதை மட்டும் ஒதுக்குங்கள். கந்தகம் தெளித்திருந்தால், பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் காத்திருப்பு நாட்கள் கழிந்த பிறகே பறியுங்கள்.