ஐஸ்பழக் குச்சி ட்ரஸ்: கேட்டதும் சொன்னதும்

திருகோணமலையில் உயர்தரத் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செயற்றிட்டம்: 60 சென்ரிமீற்றர் இடைவெளியைக் கடக்க ஒரு ட்ரஸ், அதாவது கோல்களை முக்கோணங்களாகப் பூட்டிய பாலச் சட்டகம். ஐஸ்பழக் குச்சியும் பசையும்தான் சாமான், நடுவில் மணல் வாளி தொங்கும். கட்டட வேலையில் கிடந்தவன் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

அண்ணை, உயரம் எவ்வளவு?
குச்சியைக் கேளுங்கள். அது 11 சென்ரிமீற்றர் சொச்சம். மூட்டுக்கு மூட்டு 10 வைத்துச் சமபக்க முக்கோணமாக அடுக்கினால் உயரம் 8.7 வரும், சரிவுக் குச்சி ஒன்றையும் ஒட்டுப்போட வேண்டாம். 20 கிலோ தொங்கினால் மேல்வரியின், அதாவது மேலே ஓடும் கோல் வரிசையின், நடுவில் ஏறக்குறைய 34 கிலோ உதைப்பு (கோலை அமுக்கும் விசை), இரண்டு பக்கச் சட்டத்துக்கும் பாதி பாதி. உயரத்தைக் கூட்டினால் உதைப்பு குறையும்தான், ஆனால் சரிவுக் கோல் நீண்டுவிடும், நீண்ட கோல் நொறுங்குமுன்னே வளைந்துபோகும். நீளம் பாதியானால் நாலு மடங்கு தாங்கும் என்று கணிதமேதை ஒயிலர் 18ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டுவிட்டார். அதனால் மேல்வரிக்கு இரட்டைக் குச்சி, நடுவில் துண்டு வைத்து. கீழ்வரி இழுவை, அங்கே ஒற்றையே போதும், காசு மிச்சம். விசைகளைக் கீறிக் கணிக்கும் போவின் குறியீட்டில் ஒருக்கால் கீறிப் பாருங்கள்.

எந்த வகை ட்ரஸ், நிமிர்ந்த கோலும் உள்ள பிரட்டா, சரிவுக் கோல் மட்டும் உள்ள வாரனா?
வாரன். எல்லாக் குச்சியும் ஒரே நீளம். ஒரு பக்கச் சட்டத்துக்கு 13 மூட்டு, 23 கோல். கோல் எண்ணிக்கை மூட்டின் இரட்டிப்பில் மூன்று குறைய வரவேண்டும்: 2×13−3 சரியாக வருகிறதா?

என்ன பசை?
வெள்ளை மரப்பசை, உடுப்புக் கிளிப் போட்டு 24 மணித்தியாலம். வாடைக்காற்றுக் காலமென்றால் இன்னொரு நாள். குச்சிக்கு முன் மூட்டுத்தான் விடும்.

நம் மாவட்டத்துக் கிண்ணியாப் பாலத்தில் முக்கோணமே இல்லையே?
2009இல் திறந்த பாலம், 396 மீற்றர், சரி. ஆனால் அது ஒரே தாவல் இல்லை, தூணுக்குத் தூண் நிற்கிறது. உங்கள் வாளிக்கு நடுவில் தூண் வைக்க ஆசிரியர் விடுவாரா?

அப்போ குச்சிகளை அடுக்கி முழு உத்தரம்போல ஒரு தீராந்தி செய்தால்?
தாங்கும், பாரமும் விலையும் ஏறும். தீராந்தி வளையும்போது மேல்விளிம்பும் கீழ்விளிம்பும்தான் பாடுபடும், நடுமரம் பெரும்பாலும் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடப்பதை வெட்டியெறிந்தால் மிஞ்சுவதுதான் ட்ரஸ்.

கிண்ணியாவில் ஏன் வெட்டவில்லை?
தம்பி, வாளிக்கு வாருங்கள்.

சுப்பர் குளூ பாவிக்கலாமா?
என்ன பசை என்பதற்குப் பதில் மேலே இருக்கிறது.

காசு தந்தால் செய்து தருவீர்களா?
மாட்டேன்.

நாளைக் காலை சோதனை, இன்றிரவு ஒட்டினால் காயுமா?
காயாது. வாளிக்குக் கீழே காலை வைக்காதீர்கள்.