மழையில் மலைத்தடம்: ஜீப்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் கருவி), ஸ்நார்க்கல் (எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்), கூரை விளக்கு பற்றித்தான். டயர் பற்றி யாரும் கேட்கவில்லை, பிரேக் பற்றியும் கேட்கவில்லை. அதனால் கேட்காத கேள்விக்கும் நடுநடுவே பதில் வரும்.

புதிதாக போர்-வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டி வாங்கியிருக்கிறேன். ஆகஸ்டில் கூடலூர், பந்தலூர் பக்கம் எஸ்டேட் ரோடுகளில் சுற்ற ஆசை. முதலில் எதற்குச் செலவு செய்யலாம்? (கோவை வாசகர்)

டயருக்கு. கம்பெனியிலிருந்து வரும் டயர் பெரும்பாலும் தார் ரோட்டுக்கானது. அதன் பட்டைக்குள், அதாவது தரையில் படும் வெட்டுக்கோடுகளுக்குள், செம்மண் சேறு அப்பிக்கொண்டால் வழுவழுவென்று ஆகிவிடும். அதற்காக சேற்றுக்கென்றே வரும் முரட்டு 'மட் டெரைன்' டயருக்கும் தாவ வேண்டாம். எஸ்டேட் கேட் வரை போவது ஈரத் தார் ரோட்டில்தானே? அங்கே அதன் பிடிப்பு குறைவு. தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான 'ஆல் டெரைன்' போதும். சட்டப்படி டயர் பட்டை 1.6 மி.மீ. ஆழம் இருந்தால் சரி. ஆனால் 3 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் அந்த டயரோடு மழைக்கு மலையேறாதீர்கள். ஸ்டெப்னியும் அதே அளவாக இருக்கட்டும். ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக இருந்தால் போர்-வீலில் ஓடும்போது டிஃபரன்ஷியல் (சக்கரங்களை வேறுவேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி) வதைபடும்.

சேற்றில் இறங்கும்போது டயர் காற்றழுத்தத்தை 25 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைக்கலாம். கூரான கல் பாவிய எஸ்டேட் ரோட்டில் அதற்கும் கீழே போனால் டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழியும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்ற, பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசர் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

மாதத்தையும் ஒரு முறை யோசியுங்கள். கூடலூர், பந்தலூர், தேவாலா எல்லாம் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கும் பக்கம். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியது. பழகும் வரை செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போடுவது நல்லது. கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் போவதாக இருந்தால் கணக்கு வேறு. அங்கே பயப்பட வேண்டியது அக்டோபர், நவம்பருக்கு. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் மண் சரிந்து எத்தனை பேர் போனார்கள் என்பது நீலகிரிக்காரர்களுக்கு மறக்காது.

ஏற்றத்தில் பிரச்சினை இல்லை. இறங்கும்போதுதான் வண்டி வழுக்குகிறது. 4எச் (நான்கு சக்கர இழுவை, சாதாரண வேகம்) போடுவதா, 4எல் (நான்கு சக்கர இழுவை, மெதுவான வேகம், கூடுதல் இழுவிசை) போடுவதா? (கோத்தகிரி வாசகர்)

வந்ததிலேயே உருப்படியான கேள்வி இதுதான். நான்கு சக்கரமும் இழுப்பதால் ஏறுவது சுலபமாகிறது. நிறுத்துவதற்கு அதே பிரேக், அதே டயர்தான். சாதாரண கார் நிற்காத இடத்தில் இதுவும் நிற்காது. எடை கூடுதலாக இருப்பதால் தள்ளிக்கொண்டும் போகும்.

மண் இறக்கத்தில் 4எல் போட்டு, முதல் கியரில் விட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். இறக்கத்துக்கு நடுவே போட முயலாதீர்கள். மேலேயே நிறுத்தி மாற்றிக்கொண்டு இறங்குங்கள். சக்கரம் சுழலாமல் வண்டி சறுக்க ஆரம்பித்தால் கால் தானாக பிரேக்குக்குத்தான் போகும். அங்கேதான் மனதைக் கட்டுப்படுத்த வேண்டும்: பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் சக்கரம் மறுபடி சுழன்று ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். சரிவுக்குக் குறுக்கே மட்டும் திருப்பாதீர்கள், வண்டி உருண்டுவிடும். ஏற்றத்தில் பாதியில் நின்றுபோனாலும் திருப்பக் கூடாது. பிரேக்கில் பிடித்து, ரிவர்ஸ் போட்டு, வந்த வழியே நேராகப் பின்னால் இறங்குங்கள்.

தார் ரோட்டில் பழைய லாரி டிரைவர்கள் சொல்வதுதான்: ஏறின கியரில் இறங்கு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் வெளியூர் வண்டிகளை ஏற விடுகிறார்கள், இறங்க விடுவதில்லை. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகள் அத்தனை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். வின்ச் விலையில் இதெல்லாம் ஒரு செலவே இல்லை.

இன்னொன்று. பார்ட்-டைம் போர்-வீல் வண்டி (வேண்டும்போது மட்டும் நான்கு சக்கர இழுவையைப் போட்டுக்கொள்ளும் வகை) என்றால் காய்ந்த தார் ரோட்டு வளைவுகளில் 4எச்சில் ஓட்டாதீர்கள். முன்சக்கரமும் பின்சக்கரமும் வளைவில் வேறுவேறு தூரம் ஓடும். அந்த முறுக்கு முழுதும் கியர்களில் போய் உட்காரும்.

ஸ்நார்க்கல் மாட்டினால் எவ்வளவு ஆழமான ஓடையைக் கடக்கலாம்? (மேட்டுப்பாளையம் வாசகர்)

ஸ்நார்க்கல் எஞ்சினுக்குத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளும். வண்டி அடித்துப் போவதை அது தடுக்காது. ஓடுகிற தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்ன கார் மிதக்க ஆரம்பிக்கும், இரண்டு அடி இருந்தால் பெரிய வண்டியும் போய்விடும். தண்ணீர் கலங்கலாக இருந்து, கட்டையும் இலையும் மிதந்து வந்தால் மேலே மழை கொட்டுகிறது என்று அர்த்தம். திரும்பிவிடுங்கள். மாயாற்றில் மழையே இல்லாமலும் தண்ணீர் ஏறும், மேலே மின்நிலையங்களிலிருந்து விடுவார்கள். தெங்குமரஹாடாக்காரர்கள் அந்த ஆற்றைப் பரிசலில்தான் கடக்கிறார்கள். அதில் நம் ஜீப்புக்கு என்ன வேலை?

தெளிந்த, முழங்காலுக்குக் கீழான ஓடை என்றால் கடக்கலாம். இறங்கும் முன் கொஞ்ச நேரம் நிறுத்தி ஆக்சிலை (சக்கரங்களை இணைக்கும் அச்சை) ஆற விடுங்கள். சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் அதன் காற்றுத் துளையான மூச்சுக்குழாய் வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும். பிறகு கியர் ஆயில் பால் கலந்த நிறத்துக்கு மாறியிருந்தால் அதுதான் காரணம். தண்ணீரில் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சினுக்கென்று தனி பாதுகாப்பு சேர்க்காத இன்சூரன்ஸில் இந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது.

அட்டைக்கு என்ன செய்வது? (குன்னூர் வாசகர்)

புகையிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த சாக்ஸ். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் ஓரமாக நகர்த்துங்கள்.

கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறு போகும் பழைய ரோட்டில் ஜீப் போகுமா? (மதுரை வாசகர்)

ஜீப் போகலாம், நீங்கள் போக முடியாது. அந்த ரோடு மூடிப் பல வருடமாகிறது. பேரிஜம் ஏரிக்கே வனத்துறை அனுமதி வேண்டும். மலைக்கு ஏறவே இ-பாஸ் எடுக்க வேண்டும். புல்வெளியிலும் சோலை ஓரத்திலும் வண்டியை இறக்குவது வீரமில்லை, வழக்கு. அந்தப் புல் ஒரு தடவை உழுதுபோனால் அடுத்த மழையில் அது வாய்க்கால். பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை என்று ஊர்களுக்குப் போகும் ரோடே மழையில் போதுமான வேலை வைக்கும். டீசலைக் கொடைக்கானலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

மாட்டிக்கொண்டால் இழுக்க என்ன கயிறு வாங்கலாம்? (பழனி வாசகர்)

கயிற்றுக்கு முன்னால் மண்வெட்டி, நாலு சாக்கு, ஒரு அரிவாள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி கொடைக்கானல் மலை வரை வந்து மரங்களைச் சாய்த்தது. அன்றைக்கு வின்ச்சைவிட அரிவாளுக்குத்தான் வேலை. சக்கரத்துக்கு முன்னால் சேற்றை வெட்டி, சாக்கைத் திணித்தால் பாதி நேரம் வண்டி வெளியே வந்துவிடும்.

கயிறு என்றால் நீளும் வகை. இன்னொரு வண்டி இழுக்கும்போது அதிர்ச்சியைத் தாங்கும். சேஸியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) அதற்கென்று உள்ள கொக்கியில் ஷேக்கிள் (இரும்பு வளையம்) போட்டு மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் வேண்டாம். அது பிய்ந்தால் குண்டு மாதிரி பறந்து வரும். கயிற்றின் நீளத்துக்கும் அதிகமாக ஆட்கள் தள்ளி நிற்கட்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை முதலில் விரட்டுங்கள். சில்வர் ஓக் மரத்தில் வின்ச் கட்டுவதானால் அகலமான துணிப்பட்டியாகச் சுற்றுங்கள். வெறும் கம்பி மரப்பட்டையை அறுத்துவிடும், எஸ்டேட்காரர் சும்மா விடமாட்டார்.

கூடலூரிலிருந்து வயநாடு வழியாகக் கண்ணூர் முழப்பிலங்காடு கடற்கரைக்கு இறங்கி, மணலில் ஓட்டிவிட்டு வர நினைக்கிறோம். (கூடலூர் வாசகர்)

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம், கடல் கொந்தளிக்கும் காலம். மற்ற மாதங்களில் ஓத நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போது இறங்கி, திரும்ப ஏறுவதற்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். அங்கே ஈர மணல் கெட்டியானது. உலர்ந்த மெத்து மணலில் சிக்கினால் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள்.

உப்புதான் பெரிய எதிரி. மலை ஏறுவதற்கு முன், அங்கேயே ஏதாவது வாட்டர் சர்வீஸில் நல்ல தண்ணீரால் சேஸி, சக்கரத்தின் உட்புறம், பிரேக் டிரம் எல்லாவற்றையும் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். மேலே எப்படியும் மழையில் நனையத்தானே போகிறது என்று விட்டுவிட்டால் உப்பு ஊறி மடிப்புகளுக்குள் போய்விடும். கழுவியபின் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக அழுத்தியபடி ஓட்டி உலர்த்திவிட்டு மலையேறுங்கள்.